லாரி வராத பதினொரு நாள்

26.10.2025

அன்புள்ள முருகேசா,

தீபாவளியன்று நீ இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாய், நான் எடுக்கவில்லை. கோபமாக இருப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நான் வீட்டிலேயே இல்லைடா. அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில், நெற்குவியலுக்குப் பக்கத்தில், காற்றுக்குப் பறக்காமல் படுதாவின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனை அணைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தேன். தங்கச்சியிடமும் பிள்ளைகளிடமும் பெரியப்பா மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பாலு மகளுக்கு நிச்சயமாகிவிட்டதாம், சொன்னானா? பத்திரிகை அடிக்கிற வேலையை மட்டும் அவன் கையில் விட்டுவிடாதே, போன தடவை பட்டது போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று, சரியான தேதியில் திறந்தார்கள். மாசம் முடிவதற்குள் அணை 120 அடியும் நிரம்பிவிட்டது. எங்கள் பக்கம் ஒரு குழி நிலம் கூடத் தரிசாகக் கிடக்கவில்லை. பன்னிரண்டு மாவில், அதாவது நாலு ஏக்கரில், குறுவைக்கு ஏஎஸ்டி 16 ரக நெல் போட்டேன். கதிர் வந்து சாய்ந்து நின்ற அழகை நீ பார்த்திருக்க வேண்டும். அக்டோபர் 12 அன்று செயின் வண்டி (அறுவடை இயந்திரம்) விட்டு அறுத்தேன், ஏக்கருக்கு 55 சிப்பம் நிச்சயம் என்று தெரிந்தது. சிப்பம் என்றால் 40 கிலோ. இந்த வருஷம் மத்திய அரசு விலை 2369, அதோடு மாநில ஊக்கத்தொகை 131, ஆகக் குவிண்டாலுக்கு 2500 ரூபாய். அப்படியென்றால் ஒரு சிப்பம் ஆயிரம் ரூபாய், கணக்குப் போடவே வேண்டாம். நாலு ஏக்கருக்கு 220 சிப்பம். சாவித்திரி அன்றைக்கே செலவுப் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

13ஆம் தேதி நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஈரப்பதம் பதினெட்டரை சதவீதம். 17க்கு மேல் எடுக்க மாட்டார்கள். இரண்டு நாள் ரோட்டோரம் பரப்பி, காலாலேயே கிளறிக் கிளறிக் காயவைத்து 15ஆம் தேதி மத்தியானம் மறுபடி கருவியில் வைத்தால் 16.8. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் அன்றைக்குக் கொள்முதலே இல்லை. ஏனென்றால் ஏற்கெனவே வாங்கித் தைத்து அடுக்கிய மூட்டை களம் முழுக்க நிற்கிறது, எடுத்துப்போக லாரி வரவில்லை. புதிதாக வாங்கினால் அடுக்க இடம் இல்லை. அங்கிருந்த எழுத்தரைத் திட்டி என்ன பயன், அவரும் எங்களோடு சேர்ந்து ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் 16ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டது.

ஒரே ஒரு நாள்டா முருகேசா. அந்த ஒரு நாள் நாலு லாரி வந்திருந்தால் என் நெல்லும் எனக்கு முன்னால் காத்திருந்தவர்களின் நெல்லும் மழைக்கு முன்னால் கிடங்குக்குப் போயிருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை. படுதாவுக்கு மேலே மழை, கீழே தரையிலிருந்து ஊறி வரும் ஈரம். குறுவை ரகத்துக்கு விதை உறக்கம், அதாவது முளைக்காமல் அடங்கிக் கிடக்கிற காலம், கம்மி, நாலு நாள் ஈரத்தில் கிடந்தால் முளைவிட்டுவிடும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெக்குத்தெரு சின்னையா தன் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வந்து என்னிடம் காட்டினார். வெள்ளை வெள்ளையாக முளை. குவியல் உள்ளே சூடாக இருந்தது, கையை வைத்துப் பார்த்தேன். அவருக்கு எழுபது வயது இருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த ஒரு பிடியை அப்படியே திரும்பக் கொண்டுபோய்க் குவியலிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்பா செத்த அன்றைக்குக் கூட நான் அப்படி அழவில்லை.

வெளி வியாபாரி ஒருவர் தினமும் மொபெட்டில் வந்து சுற்றுவார். 60 கிலோ மூட்டைக்கு 1050 தருகிறேன், இப்போதே பணம் என்பார். குவிண்டாலுக்கு 750 ரூபாய் நஷ்டம். இருந்தும் சிலர் கொடுத்துவிட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். குறுவைப் பணம் கைக்கு வந்தால்தானே அடுத்த போகமான தாளடிக்கு நடவுக் கூலி கொடுக்க முடியும்? நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே போகிறது, இங்கே நெல் முளைத்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் 24ஆம் தேதி, வெயில் தலைகாட்டிய இரண்டு நாளில் காய்ந்தது மட்டும் 183 சிப்பம் போட்டேன். மீதி 37 சிப்பம் கறுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது, மாட்டுக்கும் கோழிக்கும்தான்.

இதையெல்லாம் உனக்கு எழுத ஒரு காரணம் உண்டு. முப்பது வருஷமாக லாரி ஓட்டியும் ஓட்டவைத்தும் பிழைப்பவன் நீ. உங்கள் நாமக்கல்லில் தினமும் ராத்திரி எத்தனை வண்டி முட்டை கேரளாவுக்குப் போகிறது! தட்டினால் உடைகிற சரக்கு, ரொம்ப நாள் வைக்க முடியாத சரக்கு, ஒரு நாள் கூட நிற்காமல் போகிறதே, எப்படி? கோழி இன்றைக்கு எத்தனை முட்டை இடும் என்று பண்ணையில் முதலிலேயே தெரியும், அதற்கு வண்டி முதலிலேயே சொல்லிவைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதானே?

நெல்லும் அப்படித்தான்டா. அணை திறந்த தேதி ஊருக்கே தெரியும். ரகம் 110 நாள் என்று விதைப் பையிலேயே எழுதியிருக்கிறது. எந்த ஊரில் எத்தனை ஏக்கர் என்று அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், இருக்கிறது. அக்டோபர் மூன்றாவது வாரம் பருவமழை வரும் என்பது பாட்டி காலத்திலிருந்து தெரியும். அப்படியானால் அக்டோபர் முதல் வாரம் எந்தக் களத்தில் எத்தனை லாரி நிற்க வேண்டும் என்பதை ஆடி மாசமே எழுதிவிடலாமே. விளைச்சலுக்கு இவ்வளவு திட்டம் போடுகிறோம், தண்ணீர், விதை, உரம் என்று. விளைந்ததை நகர்த்துவதற்கு மட்டும் விளைந்த பிறகு யோசிக்கிறோம். இந்த எண்ணம் பத்து நாளாகத் தூங்கவிடவில்லை.

லாரியே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஒரு டிரைவர் தம்பியிடம் பேசினேன். கிடங்கில் இறக்க இடமில்லாமல் ஒரு நடைக்கு இரண்டு நாள் நிற்கிறதாம். கிடங்கு ஏன் காலியாகவில்லை என்றால் நெல் அரவைக்குப் போகவில்லை. ரேஷன் அரிசியில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ செறிவூட்டிய (சத்துச் சேர்த்த) அரிசி கலக்க வேண்டும், அதற்கான அனுமதி தள்ளிப்போனதும் ஒரு காரணம் என்று செய்தியில் பேசிக்கொண்டார்கள். எங்கோ ஓர் ஆலையில் நின்ற வேலை, கிடங்கில் லாரியை நிறுத்தி, களத்தில் மூட்டையை நிறுத்தி, கடைசியில் சின்னையாவின் குவியலில் வந்து முளைக்கிறது. நீடாமங்கலத்தில் சரக்கு ரயில் ஏற்றுவதை நீ பார்த்திருக்கிறாய், அந்தக் கேட்டில் உன் மாமனாரோடு மாட்டிக்கொண்டு நீ பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டாய். 42 வேகனில் 2000 டன் வெளி மாவட்டத்துக்குப் போகும். அதாவது 50,000 சிப்பம். ஒரே ரயில்! அது தினம் ஒன்று, மழைக்கு முன்னால் இருபது நாள் ஓடியிருந்தால் எத்தனை களம் காலியாகியிருக்கும் என்று போட்டுப் பார்.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, உன் தொழிலாக இருந்தால் இதை எப்படி ஓட்டுவாய் என்று இரண்டு பக்கம் எழுதித் தா. ஒரு களத்தில் தினம் ஆயிரம் சிப்பம் வாங்குகிறார்கள், கிடங்கு 25 கிலோமீட்டர், ஏற்ற எத்தனை மணி நேரம், இறக்க எத்தனை மணி நேரம், எத்தனை வண்டி சுற்ற வேண்டும் என்று. அடுத்த மாசம் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அங்கே அழுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் கணக்கோடு போக ஆசைப்படுகிறேன். சின்னையாவையும் கூட்டிப்போவேன்.

தாளடி நடவு நாளை மறுநாள். சாவித்திரி தோட்டை அடகு வைத்திருக்கிறோம், இதை நீ தங்கச்சியிடம் சொல்லாதே, அவள் உடனே இவளுக்குப் போன் போடுவாள்.

பாலு வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போது லாரிப் படுதா இரண்டு வாங்கி வா, கனமானதாக. இங்கே கிடைப்பது ஒரு மழைக்குக் கூடத் தாங்கவில்லை. பணம் வந்ததும் தருகிறேன்.

உன்,
ராஜேந்திரன்