கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பவர்களுக்கு: பழைய கணினிக்காரர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான்

சிப்பை வடிவமைக்கும் நிறுவனங்களுக்கும், அந்தச் சிப்பை வாங்கி ஃபேன் மாட்டித் தங்கள் பெயரில் விற்கும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

உங்கள் விளம்பரங்களைப் பார்த்தால் கார்டு வாங்குகிற எல்லோரும் புதுக் கணினி கட்டுகிறவர்கள் என்றுதான் தோன்றும். ஆனால் எங்களில் பலர் கடைக்கு வருவதே உள்ளே இருந்த கார்டு செத்துப்போனதால்தான். கணினிக்கு எட்டு ஒன்பது வயது, ப்ராசசர் நன்றாக இருக்கிறது, ரேமுக்கு ஒரு குறையும் இல்லை, விளையாடிக்கொண்டிருக்கும்போது திரை முழுக்க வண்ணக் கட்டங்கள் தெறித்து அப்புறம் ஒரேயடியாகக் கறுப்பாகிவிடுகிறது. இப்படி வருகிற ஆளுக்கு உலகத்திலேயே வேகமான கார்டு தேவைப்படாது. பழைய கார்டு செய்த வேலையை, இருக்கிற மதர்போர்டிலேயே செய்தால் போதும். எந்தக் கார்டு அப்படிச் செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தகவலைத்தான் நீங்கள் பெட்டியில் போடுவதில்லை.

லேன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். லேன் என்பது கார்டும் மதர்போர்டும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பாதை, பிசிஐஇ என்பது அந்த இணைப்பு முறையின் பெயர், 3.0, 4.0 என்பவை அதன் தலைமுறைகள். ஏஎம்டி நிறுவனத்தின் சிப்போடு 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 580 கார்டு பிசிஐஇ 3.0-இல் 16 லேன்களில் ஓடியது, அதாவது ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. அது போனபின் ஒருவர், பெயரில் பெரிய எண் இருக்கிறதே என்று நம்பி 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை வாங்குகிறார் என்று வையுங்கள். கார்டின் கீழ்ப்பகுதி 16 லேன் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் உள்ளே இணைப்பு 4 லேன்களுக்கு மட்டும்தான். பிசிஐஇ 4.0 இருக்கும் புது மதர்போர்டில் அது விநாடிக்கு 8 ஜிபியாவது தரும், அவருடைய பழைய 3.0 போர்டில் 4 ஜிபிதான். போதாததற்கு அந்தக் கார்டின் நினைவகமும் 4 ஜிபிதான், அது நிரம்பியதும் மீதியை ரேமிலிருந்து அந்தக் குறுகிய வழியாகவே இழுத்து வரவேண்டும், விளையாட்டு திக்கித் திணறும். பழைய கார்டில் இருந்த வீடியோ என்கோடர்கூட இதில் கிடையாது, விளையாடுவதைப் பதிவு செய்கிறவர்கள் அதை வாங்கி மாட்டிய பிறகே தெரிந்துகொள்வார்கள். புதுக் கணினியில் சுமாராக ஓடும் கார்டு, யாருக்கு மலிவான மாற்று அதிகம் தேவையோ அவருடைய கணினியில்தான் மோசமாக ஓடுகிறது. வேடிக்கைதான்.

8 லேன் கார்டுகளைப் பற்றி எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை பழைய போர்டில் ஓடும்போது பெரும்பாலான விளையாட்டுகளில் இழப்பு சிறியதுதான். ஆனால் சிறியதோ பெரியதோ, சொல்லிவிட்டு விற்கலாம் இல்லையா? இன்டெல் இதைச் செய்தது. தன் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் அணுக விடுவது) வேண்டும், 10-ஆம் தலைமுறை கோர் ப்ராசசரோ அதற்குப் பிந்தையதோ இருப்பது நல்லது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பழைய கணினிக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், யாரும் ஏமாறவில்லை.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே கணினியைத் துவக்கும் மென்பொருள். 2023-இல் ஆர்டிஎக்ஸ் 4060 வரிசைக் கார்டுகள் சில கணினிகளில் விண்டோஸ் வரும்வரை கறுப்புத் திரையே காட்டலாம் என்று சொல்லி என்விடியா, கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) புதுப்பிக்கும் கருவி ஒன்றை வெளியிட்டது. வெளியிட்டது நல்ல விஷயம், அதில் குறை சொல்ல மாட்டேன். திரையே வராவிட்டால் என்ன செய்வது என்பதற்குக் கொடுத்த யோசனைகளில் ஒன்று, வேறொரு கிராபிக்ஸ் மூலமாகக் கணினியைத் துவக்குங்கள் என்பது. இருந்த ஒரே கார்டும் போய்விட்டதால்தானே இதை வாங்கினோம்! ஏஎம்டியின் ஏஎம்4 வகை மதர்போர்டுகளில் பொருந்தும் ரைசன் ப்ராசசர்களில் பெரும்பாலானவற்றிலும், இன்டெல்லில் எஃப் எழுத்தோடு முடியும் ப்ராசசர்களிலும் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. பழைய கணினியில் பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம், கார்டு மாட்டும் முன்பே அதைச் செய்துவிடுங்கள் என்று பெட்டியின் மேல் ஒரு வரி இருந்தால் எத்தனையோ பேருக்கு வீண் அலைச்சல் மிச்சமாகும்.

பெயர் வைக்கும் லட்சணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்விடியாவின் ஜிடி 1030 முதலில் ஜிடிடிஆர்5 என்ற வேகமான நினைவகத்தோடு வந்தது, விநாடிக்கு 48 ஜிபி வேகம். 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 என்ற மெதுவான நினைவகம் போட்டு இன்னொன்று வந்தது, வேகம் 17 ஜிபிகூட இல்லை. பெயர் ஒன்று, ஆனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேகம். ஆர்டிஎக்ஸ் 3050-இலும் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. இரண்டாவது, நினைவகம் மட்டும் குறைந்த அதே கார்டு இல்லை, சிப்பிலேயே கோர்கள் குறைவு, நினைவகப் பாதையும் குறுகல். இத்தனைக்கும் அந்த 6 ஜிபி கார்டு எங்களைப் போன்றவர்களுக்குப் பிரமாதமான கார்டு. 70 வாட்தான், ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கிவிடும், பவர் சப்ளையிலிருந்து தனி ஒயரே வேண்டாம். தனிப் பெயர் வைத்து, பழைய கணினிக்கு ஏற்றது என்று சொல்லியே விற்றிருக்கலாம். என்ன தயக்கமோ தெரியவில்லை.

நீளம், தடிமன், எத்தனை பின் கனெக்டர் என்பதெல்லாம் இணையத்தில் தேடினால் கிடைக்கிறது. சரி, அதை விடுங்கள்.

டிரைவர் (விண்டோஸ் கார்டை இயக்க உதவும் மென்பொருள்) விஷயத்தில் என்விடியாவைப் பாராட்டலாம். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-க்கு 2025 அக்டோபர் வரை புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வந்தது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று முன்கூட்டியே அறிவித்தும்விட்டார்கள். ஏஎம்டி 2015-இல் வெளியிட்ட ஃபியூரி கார்டுகளை 2021-லேயே கைகழுவியது. கார்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் நின்றுபோவதும் ஒரு வகையில் கார்டு சாவதுதான், எனவே டிரைவர் எதுவரை வரும் என்ற தேதியையும் விற்கும்போதே சொல்லுங்கள்.

கடைசியாக ஃபேன். பல கார்டுகளில் முதலில் போவது சிப் இல்லை. ஃபேனின் பேரிங் தேய்ந்து சுற்றுவது குறைகிறது, சிப்பின் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்துவிடுகிறது, அந்தச் சூட்டிலேயே வருடக்கணக்கில் ஓடி ஓடி, சூடாகி ஆறி, கடைசியில் சிப்பைப் பலகையோடு ஒட்டும் சால்டர் விரிசல் விடுகிறது. ஃபேனையும் பேஸ்டையும் காலத்தில் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் ஸ்க்ரூவின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, கிழித்தால் வாரண்டி போச்சு என்று பயம் காட்டுகிறீர்கள். இப்படிப்பட்ட ஸ்டிக்கர்களுக்காக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, பெற்றவர்களில் கார்டு தயாரிப்பாளர்களும் உண்டு. ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள், ஃபேனின் பாகம் எண்ணை வெளியிடுங்கள், அதைத் தனியாக விற்கவும் செய்யுங்கள். செத்த கார்டை மாற்றுவதைவிட சாகாமல் வைத்திருப்பதைத்தான் நாங்கள் விரும்புவோம். இதனால் உங்கள் விற்பனை குறையும் என்பது எனக்கும் புரிகிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

எத்தனை லேன், எந்த பிசிஐஇ, பழைய பயாஸில் திரை வருமா, ரீசைசபிள் பார் கட்டாயமா, டிரைவர் எந்த வருடம் வரை. பெட்டியின் பின்பக்கத்தில் ஐந்து வரி. வண்ண விளக்குகளைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுத இடம் இருக்கும்போது இதற்கும் இருக்கும். புதுப் பெட்டி அச்சடிக்கத் தாமதமாகும் என்றால் லேன் எண்ணிக்கையை மட்டுமாவது இப்போதே போடுங்கள், ஸ்க்ரூவின் மேல் ஒட்டுவதற்கு வைத்திருக்கும் ஸ்டிக்கர்களில் ஒன்றைப் பெட்டிமேல் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
பழைய கணினிக்காரர்களில் ஒருவன்