அண்ணே, கடாரத்த மூழ்கடிச்சது தெரியாம இல்ல

அண்ணே,

நேத்து ராத்திரி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேம்ல ராஜேந்திர சோழன் கேம்பெய்ன முடிச்சிட்டேன். 5 மிஷனும். அது இருக்கற டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா எக்ஸ்பான்ஷன் வந்தது 2022 ஏப்ரல் 28, அந்த வாரமே நீ லிங்க் அனுப்பி "பாத்தியா"ன்னு ஒரே ஒரு வார்த்த போட்டிருந்த. நான் பாத்தேன். பதில் போடல. அப்புறம் நீயும் அதப்பத்தி கேக்கல. இவ்வளவு நாளா வாங்காம இருந்ததுக்கு காசு காரணம் இல்ல, நேரமும் காரணம் இல்ல. அத வாங்கினா இந்தக் கடிதத்த எழுதியே ஆகணும்னு எனக்குத் தெரியும், அதான்.

மொதல்ல கேம பத்தி சொல்லிடுறேன், அது சொல்றதுக்கு சுலபமா இருக்கு. திராவிடர் எடுத்து மொத வில்லேஜர கிளிக் பண்ணேன், தமிழ்ல பதில் சொல்றான் அண்ணே. நான் மவுஸ விட்டுட்டு உக்காந்துட்டேன். அடுத்த பத்து நிமிஷம் மரம் வெட்டல, ஆடு பிடிக்கல, வீடு கட்டல, ஒவ்வொருத்தனா கிளிக் பண்ணி கேட்டுகிட்டே இருந்தேன், பக்கத்து ரூம்லேர்ந்து அம்மா "யாருடா வந்திருக்கா"ன்னு கேட்டாங்க. பேரு திராவிடர்னு வச்சதுல எனக்கு மனக்குறை உண்டு. கூடவே வந்தவங்க பெங்காலி, குர்ஜரர்னு அவங்கவங்க பேரோட நிக்கிறாங்க, நம்மள மட்டும் தெக்க இருக்கறவங்க எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டின மாதிரி இருக்கு. ஆனா கப்பல பாத்ததும் அந்தக் குறை பாதி போயிடுச்சு. திரிசடைன்னு ஒரு கப்பல் குடுத்திருக்காங்க, பெருசு, ஒரே தடவையில நிறைய அம்பு விடும். சுருள்வாள் வச்சிருக்கற ஆளுங்க இருக்காங்க. ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் கைக்கு வந்துடும், மீன் பிடிக்கறவன்கூட மத்தவன விட 15 அதிகமா தூக்குவான். நைட்ங்கற குதிரை வீரன் கிடையாது, அதனால குதிரையில வந்து அடிச்சிட்டு ஓடுறவன துரத்தி பிடிக்கவே முடியாது, அதுல ரொம்ப திணறினேன். நீயா இருந்தா தண்ணியிலயே முடிச்சிருப்ப.

நல்லா பண்ணியிருக்காங்க. மனசார சொல்றேன். ஆனா அது உன் மேப் இல்ல.

2000 டிசம்பர் உனக்கு மறந்திருக்காது. தீபாவளிக்கு வந்த காசெல்லாம் சேத்து இங்க சிங்கப்பூர் சிம் லிம்ல இதே கேமோட கான்கரர்ஸ் எக்ஸ்பான்ஷன் சிடிய வாங்கிட்டு வந்த, ஓ லெவல் பரிட்ச முடியற வரைக்கும் தரமாட்டேன்னு அப்பா அலமாரியில வச்சு பூட்டிட்டாரு. கடைசி பேப்பர் எழுதிட்டு வந்த அன்னிக்கு யூனிஃபார்ம் கூட மாத்தாம இன்ஸ்டால் பண்ண. 5 புது நாடு வந்திருந்துச்சு, ஆஸ்டெக், மாயன், ஸ்பானிஷ், ஹன், கொரியன். நான்தான் கேட்டேன், "நம்ம ஆளு எங்கண்ணே"ன்னு. பழசு 13, புதுசு 5, மொத்தம் 18 பேரையும் மேலேர்ந்து கீழ ரெண்டு தடவ பாத்துட்டு, "இல்லடா, நாமளே செய்வோம்"னு சொன்ன. "நாமளே"ன்னு சொன்ன அண்ணே. பதினொரு வயசுல அந்த வார்த்தைய நான் எப்படி எடுத்துகிட்டேன்னு நீ கொஞ்சம் யோசிச்சு பாக்கணும்.

அப்புறம் 167 பஸ்ல மாடியில மொத சீட்டுல உக்காந்து ஸ்டாம்ஃபர்ட் ரோட்டு லைப்ரரிக்கு போனோம், அந்த செங்கல் கட்டடம் இப்ப இல்ல, 2004ல லைப்ரரிய மூடிட்டாங்க. நீ தடியா ஒரு சோழர் வரலாற எடுத்து ராஜேந்திரனோட வெற்றிகள சொல்ற மெய்க்கீர்த்திய தேடின. "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி". அந்த வரிய படிச்சிட்டு நீ என்ன பாத்து சிரிச்சது ஞாபகம் இருக்கு, கப்பல் பூராவும் கிடைச்சிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. இரவல் எடுக்க முடியாத புத்தகம்னு அவன் ஜெயிச்ச ஊர் பேரெல்லாத்தையும் என் கணக்கு நோட்டுல எழுதிகிட்டோம். நான் படிக்க நீ எழுதின. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம். மேவிலிம்பங்கம் வந்தப்ப நாக்கு சுளுக்கி மூணு தடவ தப்பா சொன்னேன், ரெண்டு பேரும் சிரிச்சதுல அங்க இருந்த அம்மா வந்து வெளிய போங்கன்னு சொல்லிட்டாங்க. மொத்தம் 13 ஊரு, கடைசியில கடாரம், இன்னிக்கு மலேசியாவுல இருக்கற கெடா.

வீட்டுக்கு வந்து கேம்லயே மேப் செய்யற எடிட்டர்ல ஜயண்ட் சைஸ் திறந்த, 240க்கு 240 கட்டம், நம்ம கம்ப்யூட்டர் அதுக்கே முனக ஆரம்பிச்சிடுச்சு. சோழர்க்கு பெர்சியன எடுத்த, யானை இருக்குன்னு. கலத்துக்கு வைக்கிங் லாங்போட். இது நடந்தா அது நடக்கணும்னு எடிட்டர்ல எழுதற ட்ரிக்கர்ல, கான்கரர்ஸ்ல புதுசா வந்த ஒண்ணால ஆளோட பேர மாத்தலாம்னு கண்டுபிடிச்ச அன்னிக்கு நீ குதிச்ச குதியில கீழ் வீட்டு ஆ மா, அந்த சீனப் பாட்டி, கம்பு எடுத்து மேல தட்டினாங்க. யானை மேல இருந்தவனுக்கு ராஜேந்திரன்னு பேரு வச்ச, கிளிக் பண்ணா கீழ அந்தப் பேரு வரும். எனக்கு அது போதும், விளையாடவே வேணாம், அத கிளிக் பண்ணிகிட்டே இருப்பேன். மேப்போட கீழ் ஓரத்துல, ஜலசந்தி முடியற இடத்துல, சின்னதா ஒரு தீவு வச்ச, அஞ்சு மரம், ஒரு மீன் படகு. "இது நாம"ன்னு சொன்ன. 1025ல அந்தக் கப்பலெல்லாம் இந்தப் பக்கமா வந்திருக்கும், நம்ம ஊர்ல அப்ப எவன் நின்னு பாத்திருப்பான்னு கேட்டேன். "ஒரு மீன்காரன் பாத்திருப்பான்"ன்னு சொன்ன.

மூணு வாரம் அண்ணே. மூணு வாரமும் நான் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். நோட்ட பிடிச்சேன், பேரு படிச்சேன், மைலோ கலக்கி கொண்டு வந்தேன். சனிக்கிழம உன் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரு வராங்க, டெஸ்ட் பண்ண போறோம்னு சொன்ன. நான் எந்த கலர்னு கேட்டேன். "நீ எதுக்குடா, சின்னப் பையன், உனக்கு புரியாது, கம்ப்யூட்டர தொடாத"ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிகிட்டு கீழ போயிட்ட.

தெரியாம சேவ் ஆயிடுச்சுன்னு நான் இத்தன வருஷமா சொன்னது பொய்.

மேப்ப திறந்தேன். லோட் ஆக எவ்வளவு நேரம் ஆகும்னு உனக்கே தெரியும், அந்த நேரம் பூரா யோசிக்கிறதுக்கு இருந்துச்சு, யோசிச்சுதான் பண்ணேன். இருக்கறதுலயே பெரிய பிரஷ், கடல் தண்ணி. கடாரத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். நீ ரெண்டு நாள் உக்காந்து கட்டின மதில், கோட்டை, உள்ள அந்த ராஜா நிக்கிற முற்றம், எல்லாத்து மேலயும் நீலமா பூசினேன். அப்புறம் ஸ்ரீவிசயம், அப்புறம் பண்ணை. அழுதுகிட்டே பூசினேன், ஆனா நிறுத்தல. பழைய பேர்லயே சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு, ஆமான்னு அழுத்தினேன். கீழ் ஓரத்துல இருந்த தீவ மட்டும் தொடல. அத ஏன் விட்டேன்னு இப்ப வரைக்கும் எனக்கே சொல்லத் தெரியல.

மன்னிச்சிடுண்ணே. சின்னப் பையன்தான், ஆனா பதினொரு வயசுக்கு எது தப்புன்னு தெரியும். அதே சமயம் மூணு வாரம் கூட வச்சுகிட்டு கடைசி நாள் வெளிய தள்ளினது நீ. இத ரெண்டையும் பிரிச்சு எழுதலாம்னு நாலு தடவ அழிச்சு அழிச்சு எழுதி பாத்துட்டேன், பிரிய மாட்டேங்குது, அதனால சேத்தே வாங்கிக்கோ.

சனிக்கிழம காலையில நீ திறந்து பாத்த. கத்தல. எழுந்து வந்து ஒரே ஒரு அற விட்ட. நான் போட்ட கூச்சல்ல நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்கிகிட்டிருந்த அப்பா எழுந்து வந்து, ஒரு கேமுக்காக சின்னப் பிள்ளைய அடிப்பியான்னு ரோத்தான் பிரம்ப எடுத்தாரு. ரெண்டு அடி. நீ நடந்தத சொல்லியிருக்கலாம். மூணு வார வேலைப்பா, இவன் வேணும்னே அழிச்சிட்டான்பான்னு சொல்லியிருந்தா மூணாவது அடி எனக்கு விழுந்திருக்கும், அதோட கணக்கு முடிஞ்சிருக்கும். நீ கைய தேய்ச்சுகிட்டே "கேம்தான்பா, பரவால்ல"ன்னு சொன்ன. ஃப்ரெண்ட்ஸ் வந்தப்ப கதவ பாதி திறந்து, கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுன்னு சொல்லி அனுப்பிட்ட. அதுக்கப்புறம் எடிட்டர நீ திறக்கவே இல்ல, எனக்குத் தெரியும், நான் தினமும் பாத்தேன்.

அந்த "பரவால்ல"தான் அண்ணே எனக்கு ஆகவே ஆகாது. அன்னிக்கு நீ அத கத்துகிட்ட, அப்புறம் எல்லாத்துக்கும் அதையே எடுக்குற. ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு போறப்ப, பரவால்லடா பக்கம்தானே. அப்பா படுத்தப்ப, பரவால்லடா நீ இருக்கல்ல. நான் இருந்தேன். ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு, எந்தப் பேப்பர்ல யாரு கையெழுத்து போட்டா, இத இங்க எழுத மாட்டேன், நம்ம சொந்தக்காரங்க இத படிக்கிறாங்க, படிச்சிட்டு அம்மாவுக்கு ஃபோன் பண்ணுவாங்க. நீ பணம் அனுப்பின, ஒரு மாசம்கூட தவறல, அதையும் இங்கேயே சொல்லிடுறேன், ஏன்னா சில பேரு அது தெரியாமயே பேசுறாங்க. ஆனா 4 நாள் வந்துட்டு போன. 4 நாள். அதுல ஒரு ராத்திரி நாம ரெண்டு பேரும் பிளாக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல உக்காந்திருந்தோம், நான் இந்த மேப் விஷயத்த ஆரம்பிச்சேன், நீ உடனே "அதெல்லாம் யாருக்குடா ஞாபகம்"ன்னு எழுந்துட்ட. உனக்கு ஞாபகம் இருந்துச்சு. இல்லன்னா 2022ல எதுக்கு அந்த லிங்க்?

கேம்பெய்ன்ல கடல் தாண்டிப் போற கட்டம் வந்தப்ப நான் பாஸ் போட்டுட்டு கணக்கு நோட்ட எடுத்தேன். ஆமா, அது என்கிட்டதான் இருக்கு. அம்மா பழைய பேப்பர் வாங்கற காராங்குனிக்கு போட்டுட்டாங்கன்னு உன்கிட்ட சொன்னது ரெண்டாவது பொய். நடுப் பக்கத்துல ரெண்டு பக்கம் சேத்து உன் மேப், கட்டத்துக்கு கட்டம் பென்சில்ல. நாகப்பட்டினம் இடது மேல் மூல. அதுக்குக் கீழ குட்டி எழுத்துல நீ எழுதி வச்சிருக்க: ராஜராஜன் காலத்துல ஸ்ரீவிஜய ராஜாதான் நாகையில புத்த விகாரம் கட்டினாரு, அதுக்கு சோழன் ஆனைமங்கலத்த தானமா குடுத்தான், அப்ப ரெண்டு பேரும் சிநேகம், அடுத்த தலைமுறையிலயே கப்பல் போகுது, ஏன்? அந்த "ஏன்"க்கு கீழ ரெண்டு கோடு. பதினாறு வயசுல நீ இதையெல்லாம் யோசிச்சிருக்க, நான் யானைய கிளிக் பண்ணிகிட்டு இருந்திருக்கேன்.

மேப்ப மறுபடி கட்டிகிட்டு இருக்கேன். புது எடிட்டர்ல. இப்ப பெர்சியன் வேணாம், திராவிடர். எதிர்ல சைனீஸ் வேணாம், 2016லயே மலாய் வந்துட்டாங்க. லாங்போட்டுக்கு பதிலா திரிசடை. மத்ததெல்லாம் நோட்டுல இருக்கற மாதிரியே, ஒரு கட்டம் மாத்தல. மொதல்ல தீவு வச்சேன், அஞ்சு மரம், ஒரு படகு. அப்புறம் நாகப்பட்டினம். கடார மதில் பாதி வந்துடுச்சு.

ட்ரிக்கர் லிஸ்ட் பின் அட்டையில இருக்கு, 1லேர்ந்து 30 வரைக்கும் நீ எழுதினத அப்படியே போட்டுட்டேன், 30ல கடாரத்து ராஜாவ பிடிக்கிறாங்க. அதுக்குக் கீழ 31னு நம்பர் மட்டும் எழுதி, பக்கத்துல ஒண்ணுமே எழுதாம விட்டிருக்க. அத ரொம்ப நேரமா பாத்துகிட்டு இருக்கேன்.

பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். ஞாயித்துக்கிழம ராத்திரி 9 மணிக்கு ஆன்லைன்ல இருப்பேன், உனக்கு நீல கலர் வச்சிருக்கேன். வர முடியலன்னா பரவால்லன்னு மட்டும் போடாத. 31ல என்ன நடக்கணும்னு நெனச்சிருந்தியோ, அத அனுப்பு.

தம்பி