கார்பன் கிட்டாருக்கும் சுருதி இறங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைக் கருவிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் மாணவர்கள் மூன்று பேர் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே வரிக்குக் கீழேதான் கோடு போட்டிருந்தார்கள். கார்பன் ஃபைபர் கிட்டாருக்குச் சூடும் குளிரும் ஒன்றுதான், ஒருமுறை சுருதி சேர்த்தால் போதும் என்கிற வரி அது. "அப்படின்னா வகுப்பில் நீங்க மட்டும் ஏன் நாலு தடவை கீயை முறுக்குறீங்க, மிஸ்?" என்று ஒருவன் கீழே எழுதியிருந்தான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

கிட்டார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. கடைசி 7 வருடமாகக் கார்பன் கிட்டார் ஒன்றும் கையில் இருக்கிறது. அதை வாங்கியதற்குக் காரணம் என் முட்டாள்தனம்தான். பழைய மரக் கிட்டாரை ஒரு கோடை மதியம் காருக்குள் பெட்டியோடு விட்டுவிட்டுப் போனேன். இரண்டரை மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்பக்க விளிம்பு மேல்பலகையை விட்டு எழும்பியிருந்தது. ஒரு விசிட்டிங் கார்டை அந்த இடுக்கில் செருகிப் பார்த்தேன், பாதி வரை உள்ளே போனது. பசை இளகிவிட்டது. சாதாரண மரப்பசை 60, 65 டிகிரி சூட்டுக்கு மேல் பாரம் தாங்காது. கிட்டாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்போ 70 கிலோவுக்கு மேல். பசை எத்தனை நேரம்தான் தாக்குப்பிடிக்கும்!

சரி, கார்பன் வந்த கதைக்கு வருகிறேன். வாங்கிய முதல் வாரமே எனக்கு ஏமாற்றம். குளிரூட்டிய அரங்கில் சுருதி சேர்த்துவிட்டு விளக்குகளின் கீழே போய் உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டிலேயே கார்டுகள், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள், புளித்துப்போயின. கருவியில் ஏதோ குறை என்று நினைத்து மறுநாள் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். ஏசி அறையில் தெர்மாமீட்டர் 22 காட்டியபோது மரம், கார்பன் இரண்டையும் ஒரே வகைக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்து ஸ்டாண்டில் வைத்தேன். ஏசியை நிறுத்தினேன். அறை 32 டிகிரிக்கு ஏறியதும் சுருதியை அளந்து காட்டும் ட்யூனரைக் கொண்டுபோய் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன்.

கார்பன் கிட்டாரின் முதல் கம்பி சுமார் 10 சென்ட் இறங்கியிருந்தது. ஒரு அரைச்சுரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு சென்ட். இரண்டாவது கம்பி 18 சென்ட் இறங்கியிருந்தது! மரக் கிட்டாரிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், ஒன்றிரண்டு சென்ட் முன்னே பின்னே. ஒரு மணி நேரச் சூட்டில் இரண்டுக்கும் வித்தியாசமே சொல்ல முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கார்பன் இழையைச் சூடாக்கினால் அது நீளவாக்கில் விரிவதே இல்லை, மிக மிகக் குறைவாகச் சுருங்கக்கூடச் செய்யும். இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் எபாக்ஸி பிசின் விரியும். இரண்டும் சேர்ந்த பலகை பத்து டிகிரிக்கு மீட்டருக்கு 0.02, 0.03 மில்லிமீட்டர் விரிந்தால் பெரிது. மரமும் நீளவாக்கில் சூட்டுக்கு அதிகம் விரியாது. ஆனால் கம்பி எஃகு. அதே பத்து டிகிரிக்கு மீட்டருக்கு 0.12 மில்லிமீட்டர் வரை நீளும். கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர், ஆகவே 0.08 மில்லிமீட்டர் தளர்வு. ஒரு தலைமுடியின் பருமன் அவ்வளவுதான்.

இந்த முடியளவு எப்படிக் காதுக்குக் கேட்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். முதல் கம்பியைச் சுருதிக்குக் கொண்டுவரும்போது அது மொத்தமே நாலரை மில்லிமீட்டர்தான் இழுபடுகிறது. இரண்டாவது கம்பி இரண்டரை மில்லிமீட்டர். நாலரையில் 0.08 போனால் கொஞ்சம், இரண்டரையில் 0.08 போனால் கணிசம். அதனால்தான் இரண்டாவது கம்பி அதிகம் இறங்குகிறது, கார்டு புளிக்கிறது. ஆறு கம்பியும் ஒரே அளவு இறங்கியிருந்தால் தனியாக வாசிக்கிறவருக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. அப்புறம் இன்னொன்று: கம்பி மெலிசு, ஏசிக் காற்று பட்டதும் ஒரு நிமிடத்துக்குள் குளிர்ந்துவிடும். கிட்டார் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க அது காத்திருக்காது.

அப்படியானால் கார்பனுக்கு இவ்வளவு நல்ல பெயர் ஏன்? அதன் பெருமை ஈரத்தில் இருக்கிறது. மரத்துக்கு உண்மையான எதிரி காற்றின் ஈரப்பதம், சூடு அதைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆள். 30 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவி கொள்ளும், 20 டிகிரிக் காற்று 17 கிராம்தான் கொள்ளும். 30 டிகிரியில் பாதி நிறைந்திருக்கிற காற்றை 20-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைந்துவிடும். குளிர்காலக் காற்றை ஹீட்டர் போட்டுச் சூடாக்கினால் இதற்கு நேர் எதிர், காற்று எலும்பாகக் காய்ந்துபோகும். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கக்கும், அதற்கேற்பக் குறுக்குவாக்கில் விரியும், சுருங்கும். ஈரத்தில் மேல்பலகை உப்பும், கம்பி உயரும், விரல் வலிக்கும். வறட்சியில் பலகை உள்வாங்கும், கம்பி, விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டில் இடித்து இரையும், விரல்பலகை சுருங்கி ஃபிரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். இன்னும் போனால் விரிசல். மரக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரம் என்று சொல்வது இதற்காகத்தான்.

என் கார்பன் கிட்டாரில் இந்த 7 வருடத்தில் பன்னிரண்டாவது ஃபிரெட் மேல் கம்பியின் உயரம் மாறியதே இல்லை. ஒவ்வொரு பருவம் மாறும்போதும் அளந்து ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன், நோட்டில் ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மரக் கிட்டாருக்கு அதே நோட்டில் நெக்கின், அதாவது கழுத்துப் பகுதியின், வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டைத் திருகிய தேதிகள் மட்டும் ஒரு பக்கம் இருக்கின்றன.

இந்த வகைக் கிட்டார்களின் பூர்வோத்தரமும் இதையே சொல்கிறது. 1966-இல் ஓவேஷன் கிட்டாரைக் கொண்டுவந்த சார்லஸ் காமன் ஹெலிகாப்டர் கட்டுகிறவர். மரத்தாலான பின்பக்கத்துக்குப் பதிலாகக் கண்ணாடி இழைக் கிண்ணம் வைத்தார். கார்பன் இழை மேல்பலகை அதே நிறுவனத்தின் அடாமஸ் கிட்டாரில் 1970-களில் வந்தது. பிறகு ஹவாயில் தொடங்கிய நிறுவனம் முழுக்கக் கார்பனிலேயே செய்த கிட்டாருக்கு வைத்த பெயர் ரெயின்சாங். பெயரிலேயே மழை இருக்கிறது பாருங்கள், வெயில் இல்லை.

உங்கள் கட்டுரையில் எனக்குக் கவலை தந்த இடம், காரில் விட்டாலும் பரவாயில்லை என்ற தொனி. கார்பன் இழைக்கு அந்தச் சூடு ஒன்றுமே இல்லை, உண்மைதான். ஆனால் கிட்டார் வெறும் இழை இல்லையே. ஒவ்வொரு எபாக்ஸிக்கும் ஒரு சூடு உண்டு, அதைத் தாண்டினால் கண்ணாடிபோல் விறைத்திருந்தது ரப்பர்போல் இளகத் தொடங்கும். அடுப்பில் வைத்துப் பதப்படுத்திய வகைகளில் சில 120 டிகிரிக்கு மேலும் தாங்கும். அறைச் சூட்டிலேயே இறுகவிட்ட வகைகளில் அது 60, 70-லேயே வந்துவிடலாம். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் 60 டிகிரி சாதாரணம், டேஷ்போர்டு மேல் அதையும் தாண்டும். போதாக்குறைக்குக் கிட்டாரின் நிறம் கறுப்பு, வெயில் நேராகப் பட்டால் தொட முடியாது. இளகிய நிலையில் 70 கிலோ இழுப்பு மணிக்கணக்கில் நின்றால் நெக் வளைந்தது வளைந்ததுதான், ட்ரஸ் ராடு இல்லாத மாடலில் திருகிச் சரிசெய்யவும் வழி கிடையாது. பிரிட்ஜை ஒட்டிய பசை, உள்ளே இருக்கும், அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், பேட்டரி இதெல்லாம் தனிக் கதை. வாங்கும்போது கூட வரும் கையேட்டில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போடவில்லை என்றால் மரக் கிட்டார் என்றே நினைத்து நடத்துங்கள்.

குளிரில் நிலைமை தேவலை. மரக் கிட்டாரைக் கடுங்குளிரிலிருந்து கொண்டுவந்து உடனே பெட்டியைத் திறந்தால் மரத்தின் மேல் பூசிய பழைய வகை லாக்கர் மெருகில் சிலந்தி வலைபோல் கீறல் விழும். கார்பனில் அந்தப் பயம் இல்லை. ஆனால் சில்லென்ற கம்பியில் அறைக்காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும், துடைக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். நான் கார்பன் கிட்டாரையும் பெட்டிக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுத்தான் எடுக்கிறேன். அவசரத்தில் ஒருமுறை அப்படியே எடுத்து வாசித்தேன். சுருதி மேலே ஏறியிருந்ததை இறக்கிச் சேர்த்தேன், கம்பி சூடானதும் அது இன்னும் கீழே போய்விட்டது. இரண்டு தடவை வேலை.

அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி கட்டுரை நன்றாகவே இருந்தது, கம்பிகளின் பருமனைப் பற்றிய பெட்டிச் செய்தியை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவனிடம் ட்யூனரைக் கொடுத்துவிட்டேன். வகுப்பு ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் இரண்டாவது கம்பியைப் பார்ப்பது இனி அவன் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கிட்டார் ஆசிரியை ஒருவர்