ஒரு தாளில் ஒரு முயல் கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர்களைப் பற்றி நாளிதழ்களின் சிறுவர் பக்கத்தில் அவ்வப்போது குறிப்பு வருகிறது. பிறந்த வருடம், இறந்த வருடம், எழுதிய புத்தகங்கள், ஒரு போட்டோ, அத்தோடு சரி. பீட்டர் முயலைப் படைத்த பியாட்ரிக்ஸ் பாட்டரைப் (1866–1943) பற்றியும் அப்படி எழுதிவிடலாம். அதைவிட, அவருடைய கதை ஒன்றை முழுசாக, அவர் விரும்பிய வடிவத்திலேயே பிள்ளைகள் கையில் கொடுக்கத் தங்களால் முடியும். பேப்பரோடு இணைப்பாக ஒரே ஒரு தாள் போதும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் எத்தனையோ ஊர்களுக்கு மதுரைத் தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழா எட்டாது. காலைப் பேப்பர் தவறாமல் வந்துவிடும்.

பாட்டருக்குக் கதை எவ்வளவு முக்கியமோ, புத்தகத்தின் அளவும் விலையும் அவ்வளவு முக்கியம். 1893 செப்டம்பர் 4 அன்று, தன் பழைய ஆசிரியையின் மகன் நோயல் மூர் என்ற 5 வயதுப் பையனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதம்தான் பீட்டர் முயல் கதையின் தொடக்கம். அதைப் புத்தகமாக்கப் போனபோது பதிப்பாளர்கள் பெரிய அளவு கேட்டார்கள். ஆறு ஷில்லிங் கொடுத்துப் புத்தகம் வாங்க முயல்குட்டிகளிடம் காசு ஏது என்று நோயலின் தங்கைக்கு எழுதிக் கேலி செய்தார் பாட்டர். 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதி அச்சடித்தார். அதே சமயத்தில் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனமும் வழிக்கு வந்து, 1902 அக்டோபரில் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. விலை ஒரு ஷில்லிங். அளவு ஏறக்குறைய 14 × 10.5 செ.மீ. நம் டெமி 1/8 (வழக்கமான தமிழ் நூல் அளவு) புத்தகத்தைக் குறுக்கே பாதியாக்கினால் அதே அளவு. அந்த வருமானத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கி, பின்னாளில் ஹெர்ட்விக் என்ற மலைச் செம்மறி இனத்தைப் போட்டிக்கு அனுப்பும் தரத்தில் வளர்த்தார்.

நாங்கள் பரிந்துரைப்பது பீட்டர் கதையை அல்ல. அதில் படமும் அதிகம், எழுத்தும் அதிகம். ஒரு தாளுக்குள் அடங்காது. 1906இல் வந்த பொல்லாத முயலின் கதை இதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது. பீட்டர் ரொம்ப நல்ல பிள்ளை, நிஜமாகவே கெட்ட முயல் வேண்டும் என்று பதிப்பாளர் வீட்டுச் சிறுமி கேட்டதால் எழுதியது. பொல்லாத முயல் நல்ல முயலின் கேரட்டைப் பிடுங்குகிறது; பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அதை ஒரு துப்பாக்கிக்காரன் சுடுகிறான். மொத்தம் 14 படம், படத்துக்கு ஓரிரு வரி. முதலில் அது புத்தகமாக வரவில்லை. நீளமான ஒரே தாளாக, மடித்து உறைக்குள் வைத்து விற்றார்கள். கடைக்கு வருகிறவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போக, திரும்ப மடித்து வைப்பது கடைக்காரர்களுக்குத் தலைவலி ஆனது. 1916இல் அதுவும் சாதாரணச் சிறு புத்தகமாகிவிட்டது. வீட்டில் ஒரே தடவை மடிக்கப் போகிற தாளுக்கு அந்தத் தலைவலி இல்லை.

தாள் 33 × 52 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். படுக்கைவாட்டில் போட்டு, மேலே நான்கு, கீழே நான்கு கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் 13 × 16.5 செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 16 பக்கம் கிடைக்கும். முன்புறம் கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 4, 13, 16, 1. மேல் வரிசையில் தலைகீழாக 5, 12, 9, 8. பின்புறம் கீழ் வரிசையில் 2, 15, 14, 3. மேல் வரிசையில் தலைகீழாக 7, 10, 11, 6. மேல் வரிசையைத் தலைகீழாக வைக்க மறந்தால் பாதிக் கதை கவிழ்ந்து நிற்கும். அச்சுக்குப் போகுமுன் வெள்ளைத் தாளில் எண் மட்டும் எழுதி மடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

மடிக்கும் முறையைத் தாளின் ஓரத்தில் படமாகவே போட்டுவிடலாம். முன்புறம் நம்மைப் பார்க்க, இடது பாதியைப் பின்னால் மடிக்க வேண்டும். பிறகு மேல் பாதியைப் பின்னால். கடைசியாக 1ஆம் பக்கம் வெளியே தெரியும்படி நடுவில். ஓரத்தை உடனே வெட்டிவிடக் கூடாது, ஏடு ஏடாகக் கழன்றுவிடும். கடைசி மடிப்பை மட்டும் பிரித்தால் 8, 9ஆம் பக்கங்கள் தெரியும். அந்த மடிப்புக் கோட்டில் மூன்று துளை போட்டு, நடுத்துளை வழியாக நூலை வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே வாங்கி, கீழ்த்துளையில் வெளியே விட்டு, மறுபடி நடுத்துளையில் உள்ளே இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஸ்டேப்ளர் இங்கே உதவாது. ஓரத்திலிருந்து முதுகு வரை அதன் வாய் எட்டாது. தைத்த பிறகு மேலேயும் வலது ஓரத்திலும் அரை செ.மீ. வெட்டினால் புத்தகம்.

1ஆம் பக்கம் அட்டை, 16 பின்னட்டை, நடுவே 14 பக்கத்தில் 14 படம். உள்ளே தலைப்புப் பக்கம், முன்னுரை என்று எதையும் நுழைத்துவிடாதீர்கள். இப்படி வைத்தால் கேரட்டின்மேல் ஆசைப்படும் முயல் இடது பக்கத்திலும், கேட்காமலே பிடுங்கிக்கொள்வது எதிரே வலது பக்கத்திலும் வருகின்றன. துப்பாக்கி வெடிப்பது 11ஆம் பக்கம், அதாவது வலது பக்கம். என்ன ஆயிற்று என்று தெரிய ஏட்டைத் திருப்பியாக வேண்டும். ஒரு பக்கம் தள்ளிப்போனாலும் வெடியும் விளைவும் எதிரெதிரே வந்து, வேடிக்கை போய்விடும்.

படங்கள் வெளிர் நீர்வண்ணம். சட்டம் கிடையாது, ஓரம் வெள்ளையில் கரைந்துவிடும். நியூஸ்பிரிண்டில் அந்த ஓரம் அழுக்குத் திட்டாக விழும். 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள சாயலைச் சுத்தமாக நீக்கிவிட வேண்டும். நான்கு மையும் சேர்த்து 240 சதவீதத்தைத் தாண்டினால் பின்பக்கம் ஊடுருவும். மடிப்பிலிருந்து 1 செ.மீ. தள்ளியே படமும் எழுத்தும் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பில் இடறும் இடம் ஒன்று உண்டு. அந்த முயல் ‘ப்ளீஸ்’ சொல்லவில்லை என்கிறார் பாட்டர். அதைத் ‘தயவுசெய்து’ என்று போட்டால் மனு எழுதுகிற மாதிரி ஆகிவிடும். எந்தப் பிள்ளையும் வீட்டில் அப்படிக் கேட்பதில்லை. ‘எனக்குக் கொஞ்சம் தாயேன் என்று கேட்கவில்லை. பிடுங்கிக்கொண்டது!’ என்றால் போதும். கேரட் கேரட்டாகவே இருக்கட்டும், பெஞ்சு பெஞ்சாகவே இருக்கட்டும். வெடிச் சத்தம் ‘டுமீல்!’ முயல் முழுக்க ‘அது’தான், ‘முயலார்’ வேண்டாம். வாலும் மீசையும் போய்விட்ட முயல் ஓடுவதோடு கதை முடிகிறது. திருந்தி மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்கக் கூடாது.

காப்புரிமைச் சிக்கல் இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு. பாட்டர் உயிரோடு இருந்தபோது வெளியான கதைகளும் படங்களும் 2004 ஜனவரி 1 முதல் நமக்குப் பொதுச்சொத்து. புதிய பதிப்புகளின் முன்னுரை, வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பு இவற்றைத் தொடக் கூடாது. பீட்டர் முயலின் பெயரும் உருவமும் வணிகச் சின்னங்கள் என்பதால் இணைப்புக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டாம்.

இது பிடித்துப்போனால் அடுத்ததாக மாப்பெட் என்ற பூனைக்குட்டியின் கதையைப் போடலாம். அதுவும் 1906, அதுவும் மடிப்புத் தாளாக வந்ததே. அந்த வரிசைக்கென்று எழுதிய மூன்றாவது கதை, தந்திரக்காரக் கிழட்டுப் பூனையுடையது, அப்போது அச்சேறாமல் 1971இல்தான் வெளிவந்தது. மறைவுக்குப் பின் வெளியானவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்தே 60 கணக்கு என்பதால், அதற்கு 2031 முடிய வேண்டும்.

இப்படிக்கு,
சிறுவர் நூல் ஆர்வலர்கள் சிலர்,
மதுரை.