நடையையும் மருந்துச் சீட்டில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெறும் பெண்களை அசையாமல் படுக்கச் சொல்வதையே நம் வீடுகளில் அக்கறை என்று கருதுகிறோம். என் தாயாரையும் அப்படித்தான் படுக்க வைத்தோம். எவ்வளவு தூங்கினாலும் நீங்காத அயர்ச்சி, பல் துலக்கி வருவதற்குள் அவரை மீண்டும் கட்டிலில் சாய்த்துவிடும். இது வேலை செய்து வந்த களைப்பன்று என்பதால் ஓய்வு மட்டும் இதைத் தீர்ப்பதில்லை. படுத்தே கிடந்தால் தசைகள் வலுவிழந்து அயர்ச்சி கூடவே செய்யும். நடை போன்ற மிதமான பயிற்சியை வாரம் 3 முறை, 30 நிமிடம் வீதம், 12 வாரங்களேனும் செய்தால் அயர்ச்சி குறையும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு கூட்டிய குழு 2019-இல் தெரிவித்தது.

அம்மா மொட்டைமாடியில் 5 நிமிட நடையில் தொடங்கினார். (துணைக்கு நடந்த எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது.) காய்ச்சலோ தலைசுற்றலோ உள்ள நாள்களில் நடக்கவில்லை, மருத்துவரைக் கேட்காமலும் தொடங்கவில்லை.

மாத்திரைகளோடு நடையையும் மருந்துச் சீட்டில் ஒரு வரியாக எழுதித்தர மருத்துவமனைகள் முன்வர வேண்டும். எங்களுக்கோ அதைக் கீமோவின் மூன்றாம் சுற்றில்தான், அதுவும் ஒரு செவிலியர் போகிற போக்கில் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை