வாயை மட்டும் அசை

பாளையங்கோட்டை,
ஜனவரி 2020

அன்பு மகளுக்கு,

நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்ததை அம்மா மூன்று தடவை போனில் சொல்லிவிட்டாள், அதனால் அதை விடு. இதையும் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிப்பா, விடுங்கப்பா" என்று முடித்துவிடுவாய், நானும் தப்பித்தேன் என்று போனை அம்மா கையில் கொடுத்துவிடுவேன். அதனால்தான் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம், நாங்கள் அமெரிக்காவில் உன்னிடம் வந்திருந்தபோது நீ கூட்டிப்போன அந்த நார்த்ஃபீல்டு கச்சேரி.

உள்ளே நுழைந்ததும் நான் முணுமுணுத்தது உனக்குக் கேட்டிருக்கும். செயின்ட் ஓலாஃப் காலேஜ், 1874-இல் நார்வேயிலிருந்து வந்த லூத்தரன் சபைக்காரர்கள் தொடங்கியது, 1912-இலிருந்து கிறிஸ்மஸ் பாட்டு விழா நடக்கிறது என்றெல்லாம் நீ சொல்லிக்கொண்டு வந்தாய், நானும் ஏதோ பெரிய கல் கோயிலாக இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் பாஸ்கெட்பால் ஆடுகிற கூடம். சுற்றிலும் நார்வே ஸ்வெட்டர் போட்ட தாத்தா பாட்டிகள். "இதிலே சத்தம் எங்கே நிற்கும்" என்று அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடம் சர்ச்சில் கொயர், அதாவது பாடகர் குழு, நடத்தியவன் என்கிற மண்டைக்கனம், வேறென்ன. (நம் ஊரில் கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர், அதனால் நான் கொயர் மாஸ்டராகவே இருந்துவிட்டேன்.)

அப்புறம் ஐந்து கொயர்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் வந்து நின்றன. 500 பிள்ளைகளுக்கு மேல். எல்லாரும் படிக்கிற பிள்ளைகள், அதில் பாதிப் பேர் கெமிஸ்ட்ரியும் கணக்கும் எடுத்துப் படிக்கிறவர்களாக இருப்பார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த ஐந்தில் செயின்ட் ஓலாஃப் கொயர், அந்த ஊதா அங்கிக்காரர்கள், மட்டும் தனியாகப் பாடினார்களே, ஆர்கன் இல்லை, பியானோ இல்லை, கையில் ஒரு தாள்கூட இல்லை, பக்கத்தில் நிற்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு. முதலில் எனக்கு அது சண்டே ஸ்கூல் ஆக்‌ஷன் சாங் மாதிரி பட்டது. இரண்டாவது பாட்டில்தான் கவனித்தேன், நீளமான ஒரு வாக்கியம், எங்கேயும் அறுபடவே இல்லை, யாரும் மூச்சு எடுத்த மாதிரியே தெரியவில்லை. எடுக்காமலா இருப்பார்கள்? ஒருவர் எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தாங்குகிறார், அவர் எடுக்கும்போது இவர். நம் கொயரிலும் நான் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன், "சேர்ந்து மூச்சு விடாதீங்கய்யா, திருடி எடுங்க" என்று. நம் ஆட்கள் எல்லாரும் காற்புள்ளியைக் கண்டதும் ஒரே நேரத்தில் திருடுவார்கள்.

இன்னொன்று சுருதி. வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடினால் இரண்டாவது பக்கம் முடிவதற்குள் சுருதி கீழே வழுக்கும், நம்முடையது ஈஸ்டரில் ஒருமுறை முழு ஸ்வரம் இறங்கி, ஆர்கன் வந்து சேர்ந்தபோது சர்ச் ஐயரே திரும்பிப் பார்த்தார், ஞாபகம் இருக்கும். இவர்களுக்கு ஒரு மயிரிழை இறங்கவில்லை. குரலை நடுக்காமல் நேராக, ஒருவர் குரலும் துருத்திக்கொண்டு தெரியாதபடி பாட வைக்கிற பழக்கத்தை அங்கே வேரூன்ற வைத்தவர் முதல் நடத்துநர் மெலியஸ் கிறிஸ்டியன்சன். நார்வேயில் 1871-இல் பிறந்தவர், வயலின்காரர். வந்த பிறகு அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1940-களின் தொடக்கத்தில் கொயரை அவர் மகன் ஓலாஃபிடம் கொடுத்தார். 1968-இல் கென்னத் ஜென்னிங்ஸ். 1990-இலிருந்து நாம் பார்த்த ஆன்டன் ஆம்ஸ்ட்ராங். 108 வருடத்தில் நாலே பேர், பாப்பா. நம் சபையில் அதே காலத்தில் எத்தனை கொயர் மாஸ்டர், எத்தனை சண்டை!

அந்த ஆம்ஸ்ட்ராங்கைத்தான் நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் பிறந்த கறுப்பினத்தவர், இதே கொயரில் மாணவனாக நின்று ஜென்னிங்ஸ் கையசைவுக்குப் பாடி 1978-இல் பட்டம் வாங்கிப் போனவர், திரும்பி வந்து நார்வேக்காரர்களின் கொயரை முப்பது வருடமாக நடத்துகிறார். கை ரொம்பப் பெரிதாகப் போகவில்லை. பாட்டு தொடங்குமுன் அவர் மூச்சு இழுத்தபோது எதிரே நின்ற அத்தனை பிள்ளைகளும் இழுத்தார்கள், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் இழுத்தேன். பாடுவது தொண்டை மட்டும் இல்லை, உடம்பும் மனசும் ஆன்மாவும் சேர்ந்தது என்று அவர் சொல்லிக் கொடுக்கிறாராம், அதற்கு வீடியோவே போட்டிருக்கிறார். நான் தாளைத் தட்டித் தட்டியே காலத்தை ஓட்டியவன்.

கடைசியில் அந்தக் கிறிஸ்டியன்சன் அமைத்த 'பியூட்டிஃபுல் சேவியர்'. நம் இங்கிலீஷ் சர்வீஸில் வேறு வார்த்தைகளில் பாடுகிற அதே பழைய ராகம்தான். வாயைத் திறக்காமல் வெறும் முனகலாக எழும்பி, அதன் மேல் ஒரு ஆல்டோ குரல் (பெண்களில் தாழ்ந்த குரல்) தனியாக வந்ததே, அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது அம்மாவும் குட்டியும் தூங்கிவிட்டார்கள், நானும் தூங்குகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். ஹைவேயில் ஏறிக் கொஞ்ச நேரம் கழித்து நீ முன்சீட்டில் மெதுவாக அந்தப் பாட்டை முனகினாய். மெட்டை முனகவில்லை. ஆல்டோக்கள் சேர்ந்து பாடுகிற வரியை முனகினாய், அடி முதல் முடிவு வரை, ஒரு இடம் தப்பாமல். ஒரே தடவை கேட்டு யாராலும் ஆல்டோவைப் பிடிக்க முடியாது, அது மற்ற குரல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். மறுநாள் மாப்பிள்ளையிடம் ஜாடையாகக் கேட்டேன். ஆறு வருடமாகப் போகிறாளே மாமா, சில வருடம் தனியாகவே போய்விட்டு வருவாள் என்றார்.

1997 கிறிஸ்மஸ். கேரல் சர்வீஸுக்கு முந்தின ராத்திரி ஒத்திகை. உனக்குப் பதின்மூன்று. கடைசிப் பாட்டில் சொப்ரானோ, அதாவது பெண்களில் உயர்ந்த குரல், மேல் 'டோ'வுக்குப் போகிற இடத்தில் உன் குரல் எட்டாமல் கீழேயே நின்றது, மூன்று தடவை நிறுத்தி மூன்று தடவை பாட வைத்தேன், நாலாவது தடவை எல்லார் முன்னாலும் "நீ நாளைக்கு வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்றேன். ஆண்கள் பக்கம் டெனரில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்வரிசையில் நின்று வாயை அசைத்தாய். சர்வீஸ் முடிந்ததும் எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள், பிள்ளை எவ்வளவு அழகாகப் பாடுகிறாள் என்று ஒரு அத்தை சொன்னதும் நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அதுதான் இப்போது ராத்திரி தூக்கத்தில் வருகிறது, திட்டியதைவிட அந்தத் தலையாட்டல்.

அடுத்த வருடம் படிப்பு இருக்கிறது என்று நீ நின்றுகொண்டாய். நானும் ஒத்துக்கொண்டேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

உன் அம்மா சொப்ரானோ, அவள் அம்மாவும் சொப்ரானோ, அதனால் உன்னையும் அங்கே நிறுத்தினேன். அவ்வளவுதான் காரணம். பதின்மூன்று வயதில் பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது, மூச்சுக் காற்று கலந்து கரகரக்கும், மேலே போகாது, அந்த வயதில் கொஞ்சம் தாழ்வான இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். டோ, ரே, மி என்று பாட்டை எழுதுகிற சோல்ஃபாவைத் தலைகீழாக வாசிக்கத் தெரிந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பார்த்துப் பார்த்து மாற்றிவிட்டிருக்கிறேன். என் பிள்ளை தப்பாகப் பாடினால் என் மானம் போகிறது என்பதுதான் அப்போது மண்டைக்குள் இருந்தது. உனக்குச் சுருதி அன்றைக்கும் இருந்தது, பாப்பா. நான்தான் இடம் மாற்றி நிறுத்தினேன். இதைக் காரிலேயே சொல்லியிருக்க வேண்டும், நீ முனகுவதை நிறுத்திவிடுவாயோ என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அந்த மெலியஸ் தன் கொயரை மகன் கையில் கொடுத்தார் என்று படித்த இடத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சரி. இங்கே வந்ததும், போன சனிக்கிழமை ஒத்திகையில் எல்லாரையும் கைகோத்து நிற்கச் சொன்னேன். டெனரில் ஒரு பெரியவரும் பேஸில் ஒரு பெரியவரும் சர்ச் சேகரக் கமிட்டி எலெக்‌ஷனிலிருந்து பேசிக்கொள்வதில்லை, அவர்கள் இரண்டு பேரும்தான் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள். கை கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் நடுவில் ஒரு பையனை நிறுத்தினேன், குரல் உடைகிற வயது, எட்டாம் வகுப்பு. அவனும் தப்பாகத்தான் பாடினான். கத்த வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன், இருமல் வந்த மாதிரி.

'பியூட்டிஃபுல் சேவியர்' ஆல்டோவை இங்கே நம் ஆட்களுக்காக சோல்ஃபாவில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். காது வழியாகவே எழுதுகிறேன், இரண்டாம் பக்கத்தில் ஒரு இடம் சரியாக வரவில்லை, 'லா' என்று நினைக்கிறேன், அம்மா 'சோ' என்கிறாள். நீ அதைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முடித்துவிடுவேன். அவசரம் இல்லை. டிசம்பரில் வருவதாகச் சொன்னாய், இப்போது ஆல்டோவில் நாலு பேர்தான் இருக்கிறார்கள், அதில் ஒருவர் ஒத்திகைக்கே வருவதில்லை. நான் கூப்பிடவில்லை, ஆள் கணக்கைச் சொன்னேன்.

மாப்பிள்ளையிடம் அந்த ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது என்று சொல். இங்கே எப்போது போடுவது என்றுதான் தெரியவில்லை, அம்மா அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா