செயலாளரின் ஆண்டறிக்கை: தொலைக்காட்சி கௌபாய் காமிக்ஸ் பிரிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டி 1950, 60களில் வெளிவந்த கௌபாய் காமிக்ஸ்களைத் தனியே பிரித்துப் பட்டியலிடும்படி சென்ற பொதுக்குழு பணித்தது. இவ்வாண்டின் பெரும்பகுதி அந்த வேலையிலேயே சென்றது. பட்டியல் முடிந்துவிட்டது. பாதுகாப்பு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

பட்டியலில் அதிகம் குழப்பியது இதழ் எண். பழைய பதிவேட்டில் 'கன்ஸ்மோக் 1 முதல் 5 வரை இல்லை', 'மாவரிக் 1 முதல் 6 வரை இல்லை' என்று இருந்தது. அந்த எண்களில் இதழ்கள் அச்சாகவே இல்லை. அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகமான டெல் நிறுவனம் ஒரு தொடரை முதலில் ஃபோர் கலர் என்ற பொது வரிசையில் வெளியிட்டுப் பார்க்கும். விற்பனை நன்றாக இருந்தால்தான் தனி இதழாக்கும். அப்போது முன்பு வந்தவற்றையும் கணக்கில் சேர்த்து எண் போடும். கன்ஸ்மோக் 679, 720, 769, 797, 844 என ஐந்து முறை ஃபோர் கலரில் வந்ததால் தனி இதழ் 6-இல் தொடங்குகிறது. மாவரிக் 892, 930, 945, 962, 980, 1005 என ஆறு முறை வந்ததால் 7-இல் தொடங்குகிறது. தி ரைஃபிள்மேன் 1009-இல் ஒரே ஒரு முறை வந்தது, அடுத்தது 2. இந்தக் கால இதழ்களின் அட்டையில் 'ஃபோர் கலர்' என்ற பெயரைத் தேடிப் பயனில்லை. எண் மட்டுமே இருக்கும். கௌபாய் இதழில் 679 போன்ற பெரிய எண்ணைக் கண்டால் அந்த வரிசையைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். இனி யாரும் இல்லாத 'முதல் இதழுக்கு' அலைய வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம்.

1962-இல் வந்த சில இதழ்களில் எண்ணுக்குப் பதிலாகக் குறியீடு இருக்கும். போனான்ஸா 01-070-207 என்பதில் 01 டெல்லையும், 070 தலைப்பையும், 207 ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும்: 2 என்றால் 1962, 07 என்றால் ஜூலை. டெல்லுக்குப் பின் வந்த கோல்ட் கீ பதிப்பகக் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கங்களும் இப்படித்தான். 212 டிசம்பர் 1962, 008 ஆகஸ்ட் 1970. ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே இருப்பதால் எந்தப் பத்தாண்டு என்பதை விலையைப் பார்த்து உறுதிசெய்தோம். டெல் 10 சென்டிலிருந்து 1961-இல் 15 சென்டுக்கு ஏறியது. கோல்ட் கீ 12 சென்டில் தொடங்கியது.

டெல் இதழ்களை உருவாக்கி அச்சிட்டுக் கொடுத்தது வெஸ்டர்ன் பிரிண்டிங் நிறுவனம். (இந்த வெஸ்டர்ன் வெறும் கம்பெனிப் பெயர், கௌபாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.) 1962-இல் டெல்லும் வெஸ்டர்னும் பிரிய, வெஸ்டர்ன் கோல்ட் கீ என்ற சொந்தப் பெயரில் இதழ்களை வெளியிடத் தொடங்கியது. போனான்ஸா கோல்ட் கீயில் மறுபடி 1-இலிருந்து எண்ணப்பட்டு 37 வரை போனது. ரைஃபிள்மேனோ டெல் விட்ட இடத்திலிருந்து 13 என்று தொடர்ந்தது. ஆகவே நிறுவனப் பெயரைக் குறிக்காத பதிவு எதுவும் செல்லாது.

ஓவியர் பெயர் பெரும்பாலும் அச்சாகவில்லை. மாவரிக்கில் டான் ஸ்பீகல், சுகர்ஃபுட்டில் அலெக்ஸ் டோத், கன்ஸ்மோக்கில் ஆல்பெர்த்தோ ஜொலித்தி ஆகியோரின் கைவண்ணத்தை வரைகோடுகளை வைத்தே அடையாளம் காண வேண்டும். ஜொலித்தி பின்னாளில் டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலியக் கௌபாய் காமிக்ஸுக்கும் வரைந்த இத்தாலியர். லயன் காமிக்ஸில் டெக்ஸைத் தமிழில் படித்து வளர்ந்த நம் உறுப்பினர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. நடிகர்களின் புகைப்படம் தாங்கிய முன்னட்டையை மட்டும் பார்த்து இந்த இதழ்களை மதிப்பிடுவது நியாயமில்லை. உள்ளே இருக்கும் சித்திரங்களுக்காகவே இவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

பாதுகாப்பு பற்றி. உள்தாள் மரக்கூழ் செய்தித்தாள். அதிலுள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது, அமிலம் சேரச் சேரத் தாள் நொறுங்குகிறது. நமது கடலோர ஈரப்பதத்தில் அதைவிட வேகமாகக் கெடுவது தாள்களை இணைக்கும் ஸ்டேப்ளர் பின். துரு அட்டையில் பரவி, பின் இருக்கும் இடத்தில் தாள் அறுந்து, நடுத்தாள் முதலில் கழன்றுவிடுகிறது. எனவே இதழை வாங்கும்போது நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு பின்களையும் பார்க்கவும். அட்டை தவிர 32 பக்கம் இருக்கிறதா, கூப்பன் வெட்டியிருக்கிறதா என்றும் எண்ணிப் பார்க்கவும். செல்லோடேப் ஒட்டிய இதழை உரிக்க வேண்டாம். பசை ஏற்கெனவே தாளுக்குள் இறங்கியிருக்கும், உரித்தால் அச்சும் சேர்ந்து வரும்.

பூச்சி தென்பட்ட இதழ்களைக் காற்றை வெளியேற்றி மூடிய பாலித்தீன் பையில் இட்டு, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தோம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுவதும் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

சாதாரண பிவிசி பைகள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டோம். அவை நாளடைவில் பிசுபிசுத்து அட்டை மையைப் பிடித்திழுக்கும். மைலார் (பாலியெஸ்டர்) பை, இதழுக்குப் பின்னால் தாங்கலாக வைக்கும் அமிலமற்ற அட்டை, பெட்டியில் நிமிர்த்தி வைத்தல் என்பதே இனி நம் முறை. படுக்கையாக அடுக்கினால் பளபளப்பான அட்டைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் இதழ்கள் தளர்வாக இருந்தால் சாய்ந்து வளையும், இறுக்கினால் எடுக்கும்போது முதுகு கிழியும். மைலார் விலை அதிகம் என்பதால் முதலில் ஃபோர் கலர் இதழ்களுக்கு மட்டும் போட்டிருக்கிறோம். மீதிக்குப் பாலிப்ரோப்பிலீன் பை. அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: எஞ்சிய இதழ்களுக்கு மைலார் வாங்க நிதி ஒதுக்குதல், பெட்டி அலமாரிக்கு ஈரமானி ஒன்று வாங்கி வாரந்தோறும் அளவைப் பதிவேட்டில் எழுதுதல், லோன் ரேஞ்சர் 1 முதல் 145 வரையிலான வரிசையில் நம்மிடம் உள்ளவற்றைச் சரிபார்த்தல். அதில் 112-இலிருந்து லோன் ரேஞ்சராக நடித்த கிளேட்டன் மூரின் புகைப்பட அட்டை தொடங்குவதால், பிரதிகளைப் பிரிக்கும்போது இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

செயலாளர்